அக்காவுக்கு ஒரு அக்கா

அநியாயம் நடந்தது எனக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எங்கள் மூன்று பேரில் யாருக்கு அநியாயம் நடந்தது என்று யாராவது வந்து கேட்டால் எல்லாரும் நடுவில் இருக்கிற என் அக்கா ஹெப்சியைத்தான் கைகாட்டுவார்கள். மடியில் தண்ணீர் பாட்டில், ஸ்கேனுக்காக வயிறு முட்டக் குடித்துவிட்டு இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் போன வருஷம் அவளுக்கு முதல் கரு கலைந்தபோது அதை என்னிடம் சொல்லவில்லை. கூடப் பிறந்த ஒரே தங்கச்சியிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒயர்கூடையை மடியில் வைத்திருக்கிறாளே பியூலா, அத்தானுடைய அண்ணன் பெண்டாட்டி, அக்காவுக்கு ஓர்ப்படி, அவளிடம் சொன்னாள். பியூலா அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள், பியூலா கட்டிலில் இருந்த விரிப்பை உருவி அலசிப் போட்டாள், பியூலா கருப்பட்டி போட்டு உளுந்தங்கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். நான் அப்போது எங்கே இருந்தேன்? பத்து கிலோமீட்டர் தள்ளி, பல்கலைக்கழக ஹாஸ்டலில், கருச்சிதைவு பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எம்.எஸ்சி. புள்ளியியலில் என் புராஜெக்ட்டே அதுதான், மூன்று மாதத்துக்கு முன்னால் யாரும் வெளியே சொல்லாததால் கணக்கில் வராமலே போகிற கருக்கள். மூணு மாசம் கழியட்டும், அப்புறம் சொல்லிக்கிடலாம் என்பார்கள். கழியாமல் போனால் சொல்வதற்கு ஒன்றுமில்லை, ஒன்றும் நடக்கவில்லை, மறுநாள் வேலைக்குப் போகவேண்டியதுதான். இதையெல்லாம் நான் வகுப்பில் எழுந்து நின்று பேசி, பேராசிரியையே "நல்ல கேள்வி பெனிட்டா" என்று சொன்ன ஆள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. கேள்விகளோடு வீடுவீடாகப் போவதற்கு முன்னால் யாரிடமாவது கேட்டுப் பழகிப் பார்க்கச் சொன்னார்கள், நான் பஸ் ஏறி நேராக அக்கா வீட்டு அடுக்களைக்குப் போனேன். அவள் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பியூலா கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதிகாரி மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, "இதுவரைக்கும் உங்களுக்குக் கரு தங்கி மூணு மாசத்துக்குள்ள போயிருக்காம்மா?" என்று கேட்டேன். அக்கா தோசையைத் திருப்பினாள். "ஐயோ, அதெல்லாம் இல்லட்டி" என்று சிரித்தாள். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. கீழே பியூலாவின் கை ஒரு நிமிஷம் கீரைக்காம்பில் நின்றது, பிறகு உருவியது. அதை நான் பார்த்தேன், பார்த்தும் பார்க்கவில்லை, இப்போதுதான் பார்க்கிறேன். அக்காவுக்கு அது போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நான் என்ன சொன்னேன்? "பாத்தீங்களா பியூலாக்கா, முகத்துக்கு நேரா மரியாதையாக் கேட்டா யாரும் மறைக்க மாட்டாங்க." சொன்னேன். அந்த அடுக்களையில், அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, தோசையைப் பிய்த்து வாயில் போட்டபடி சொன்னேன். நான் பஸ் ஏறிய பிறகு அவர்கள் என்ன பேசியிருப்பார்கள்? ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள், அதுதான் இன்னும் மோசம், ஒருத்தியை ஒருத்தி பார்த்திருப்பார்கள். அந்தப் பார்வைக்குள் நான் இல்லை. சின்ன வயதில் நானும் அக்காவும் கோயிலில் ஜெபம் நீண்டுகொண்டே போனால் அப்படிப் பார்த்துக்கொள்வோம், வாயே திறக்காமல், அம்மா தொடையில் கிள்ளுகிற வரைக்கும் சிரிப்போம். அது என் பார்வை. எனக்கு எழுதி வைத்த சொத்து மாதிரி நினைத்திருந்தேன். 'அக்கா' என்ற சொல்கூட அப்படித்தான். எனக்கு உலகத்தில் ஒரே ஒரு அக்கா. அந்த அக்கா வேறு ஒருத்தியை "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவதைக் கேட்கும்போது காதுக்குள் எறும்பு போனது மாதிரி இருக்கிறது. அக்காவுக்கு எதற்கு அக்கா?

போன சனிக்கிழமைதான் இத்தனையும் எனக்குத் தெரிந்தது, அதுவும் சண்டையில். அக்காவுக்கு இது இரண்டாவது கர்ப்பம், பன்னிரண்டு வாரம். எல்.கே.ஜி. டீச்சர் இவள், வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது, ஊரெல்லாம் காய்ச்சல், டாக்டரம்மா ஃப்ளூ ஊசி போட்டுக்கொள் என்று எழுதிவிட்டார். இவள் மாட்டேன் என்றாள். நான் விடுவேனா? "ஏன் மாட்ட, காரணம் சொல்லு" என்றேன். "வேண்டாம்னா விடேன்ட்டி." "காரணம் இல்லாம வேண்டாம்னா அது பிடிவாதம்." "போன தடவ ஸ்கூல்ல கேம்ப் வச்சுப் போட்டாங்க, போட்ட மறு வாரம் போயிட்டு, போதுமா காரணம்?" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் "எந்தப் போன தடவ?" என்றேன். விவாதத்தில் ஜெயிக்கிற ஆள் கேட்கிற கேள்வியா அது? எந்தப் போன தடவை. அன்றிலிருந்து இந்த மூன்று சொல்லும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இன்றைக்கு வந்தே தீருவேன் என்று வந்தேன். பியூலாவும் வருகிறாள் என்று பஸ் ஸ்டாண்டில்தான் தெரிந்தது. வரட்டும். வாதம் என்று வந்தால் எனக்கு ஆள் இருந்தால்தான் நல்லது. தயாராக வந்திருக்கிறேன், பையில் தாள் தாளாக ஆராய்ச்சிக் கட்டுரைகள். தெரிந்த கர்ப்பம் நூறில் பத்துப் பதினைந்து எப்படியும் நிற்பதில்லை, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும். அந்த நூறு பேருக்கும் ஒரே நாளில் ஊசி போட்டால் பிறகும் அதே பத்துப் பதினைந்து பேருக்குப் போகும், அத்தனை பேரும் ஊசி போட்டதால் போனது என்பார்கள். அத்தனை பேருக்கும் அன்றைக்கு மாம்பழம் கொடுத்திருந்தால் மாம்பழம் என்பார்கள். போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், பார்த்திருக்கிறார்கள், ஊசியால் கூடவில்லை. காய்ச்சல்தான் வயிற்றுப் பிள்ளைக்காரியைப் படுத்தும். எவ்வளவு சுத்தமான வாதம், கழுவி வைத்த கண்ணாடி மாதிரி. அதைச் சொல்லி முடித்ததும் பியூலா தலையை ஆட்டிவிட்டு, மெதுவாக, யாரையும் எதிர்க்காத அந்தக் குரலில், "இருக்கலாம் பெனி. ஆனா எங்க ஜெபக் குரூப்ல ஊசி போட்டவங்க நாலு பேரு. நாலு பேருக்குமே தங்கல பாத்துக்கோ" என்றாள். அக்கா உடனே தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்தாள். நான் ஒரு மணி நேரம் பேசியதற்கு அசையாத கை அது. எனக்கு எரிந்தது. "அது என்ன குரூப்புக்கா?" என்றேன். "பிள்ள போனவங்களுக்காக ஜெபிக்கிறது. வாட்ஸப்ல." "யாரெல்லாம் இருக்காங்க?" "போனவங்கதான் இருப்பாங்க." எனக்குள் பல்பு எரிந்தது, அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும், எதிராளி தானே வந்து குழியில் கால் வைக்கிற சந்தோஷம். "அப்ப ஊசி போடாதவங்க அந்தக் குரூப்ல?" "அவங்களுக்கும் போனதுதான்." "அதத்தானே சொல்லுதேன்! பிள்ள போனவங்க மட்டும் சேர்ற எடத்துல நின்னுக்கிட்டு யாருக்குப் போச்சுன்னு கேட்டா எல்லாருக்கும்தான் போச்சும்பாங்க! ஊசி போட்டு நல்லாப் பெத்தவ ஒங்க குரூப்ல எதுக்கு வாரா? அவ வீட்டுல பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கா!" சத்தமாகத்தான் சொன்னேன். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். சரியான வாதம், ஒரு ஓட்டை கிடையாது. பியூலா கூடையின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினாள். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். படிச்ச பிள்ள. நாங்க எல்லாரும் போனவங்கதான்" என்றாள்.

நாங்க. நாங்க என்றாள். அவளுக்கு ஏழாவது படிக்கிற ஒரு பையன் இருக்கிறான், அவனைத் தவிர நான் ஒன்றும் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை, அந்த அடுக்களையில்கூட கேள்வியை அக்காவிடம் மட்டும்தான் கேட்டேன், கீழே கீரை உருவிக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ? அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் அக்கா அவளிடம் சொன்னாளா? தெரிந்தவளிடம் சொல்வது மாதிரி, அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவளிடம். அப்படியென்றால் நான் எதில் விழுந்து எழ வேண்டும்? இதற்குக்கூடப் பொறாமைப்படுகிறேனா, கர்த்தாவே, ஒருத்திக்குப் பிள்ளை போனதைப் பார்த்துமா? ஆமாம், படுகிறேன், இந்த நிமிஷம் படுகிறேன். வாதத்தில் ஜெயித்தது நான், அக்காவுடைய கை போய் விழுந்தது பியூலாவின் மணிக்கட்டில். அப்போதுதான் அக்கா என் பக்கம் திரும்பினாள். கோபமெல்லாம் இல்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரி நிதானமாக, "சரிட்டி பெனி. நீ சொல்லுதேன்னு நான் போட்டுக்கிடுதேன்னு வையி. போட்ட பெறகு இதுவும் போயிட்டுன்னா, நீ என்கிட்ட வந்து என்ன சொல்லுவ?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். வெள்ளைக் கதவு திறந்தது. "ஹெப்சிபா இம்மானுவேல், ஸ்கேனுக்கு வாங்க, யூரின் முட்டிட்டா?" என்றாள் நர்ஸ். "முட்டிட்டு, முட்டிட்டு" என்று அக்கா பாட்டிலை பெஞ்சில் வைத்துவிட்டு, கால் மாற்றிக் கால் வைத்து உள்ளே ஓடினாள்.

இப்போது நடுவில் பாட்டில் இருக்கிறது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். என்ன சொல்லுவேன்? இதென்ன பெரிய கேள்வி, பதில் இருக்கிறது. 'அக்கா, அது ஊசியால போனதில்ல, ஊசி போடாட்டியும் போயிருக்கும்.' சரியான பதில். உண்மையான பதில். அதைச் சொல்கிற முகத்தைக் கற்பனை செய்து பார்க்கிறேன், என் முகம், கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, தாளைக் கையில் வைத்துக்கொண்டு. சீ. வேறு எப்படிச் சொல்வது? 'நூறுல பத்துப் பதினஞ்சு.' அவள் நூறு பேர் இல்லையே, அவள் ஒருத்தி, அவளுக்கு நின்றால் முழுசாக நிற்கும், போனால் முழுசாகப் போகும். இது எனக்கு இப்போதுதான் தெரிகிறதா என்றால் முதல் செமஸ்டரிலேயே தெரியும், தேர்வில் எழுதியிருக்கிறேன், மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் தாளில் எழுதும்போது அந்த ஒருத்திக்கு ஹெப்சி என்று பெயர் இல்லை. என் பேச்சைக் கேட்டுப் போட்டுக்கொண்டு, தற்செயலாக, சும்மா தற்செயலாக, அந்தப் பதினைந்தில் இவளும் விழுந்துவிட்டால்? ஊசி காரணமில்லை என்று எனக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும். அக்காவுக்கு? ஆயுசுக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கை ஊசி போட்ட தோள்பட்டைக்குப் போகுமே. பியூலா ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் சொல்லவே மாட்டாள், விரிப்பை உருவிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள், அதுதான் அவளுடைய பதில், அதற்கு எதிராக எந்தக் கட்டுரையை எடுத்து நீட்டுவது? பேசாமல் இருந்துவிடலாம். 'உன் இஷ்டம்க்கா' என்று சொல்லிவிடலாம். போடாமல் இருந்து காய்ச்சல் வந்தால் அது பியூலா கணக்கு. இந்த நினைப்பு வந்ததும் பின்னாலேயே இன்னொன்று வந்தது, கூப்பிடாமலே வந்தது: வரட்டுமே, கொஞ்சமாக, ஒரே ஒரு நாள் காய்ச்சல், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல், 'நீ சொன்னதக் கேட்டிருக்கலாம்ட்டி' என்று அக்கா ஒரு தடவை சொல்கிற அளவுக்கு மட்டும். நினைத்துவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் குளிர்ந்த பசையை வயிற்றில் தடவிப் படுத்திருக்கிறவளுக்கு நான் இங்கே உட்கார்ந்து காய்ச்சல் ஆசைப்படுகிறேன். வேண்டாம், வேண்டாம், கர்த்தாவே, அதை எடுத்துப்போடும், நான் நினைக்கவில்லை. 'டச் வுட்' என்று மரத்தைத் தொட வேண்டும் போல இருந்தது, பெஞ்சு ஸ்டீல்.

"பெனி, ரஸ்க் திங்கியா?" என்று கேட்கிறாள் பியூலா. வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். அவள் கூடையில் கையை விட்டுத் துழாவுகிறாள், அந்தக் கூடைக்குள் என்னதான் இல்லை, குளுக்கோஸ், ஃபிளாஸ்க், ஆரஞ்சு மிட்டாய், சீப்பு. ரஸ்க் பொட்டலத்துக்கு அடியில் மடித்த பழைய பாவாடையும் ஒரு பருத்தித் துண்டும் தெரிகிறது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். "எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்" என்கிறாள். எதுக்கும் என்றால் எதுக்கு? சண்டை பிடிக்கலாம் என்று வாயெடுக்கிறேன். போகும் என்று நினைத்து மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்களா, நல்ல வாக்கு வராதா என்று கேட்கலாம். கேட்டால் நியாயம் என் பக்கம்தான். ஆனால் என் பையில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறேன்: தாள், தாள், சார்ஜர், மேலும் தாள். உள்ளே ஏதாவது ஒன்று ஆகி அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தால் நான் எதை எடுத்து அவள் இடுப்பில் சுற்றுவேன்? முடிவுரையையா? எனக்குத் திடீரென்று அந்தப் பாவாடை வேண்டும் போல இருக்கிறது. பிடுங்கி என் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அந்த விரிப்பு எந்த விரிப்பு? பச்சைப் பூப்போட்டதா, கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்ததே, நானும் கூடப் போய்க் கடையில் விரித்துப் பார்த்து எடுத்தது? "பியூலாக்கா" என்கிறேன். "என்னம்மா?" "அன்னைக்கு நீங்க அலசினது, பச்சை விரிப்பா?" "பச்சைதான். கறை போகல. எம்புட்டோ அலசிப் பாத்தேன்" என்கிறாள். பிறகு, எதிர்ச் சுவரில் சிரிக்கிற குழந்தை காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "ஒன்கிட்ட சொல்லச் சொன்னேன் நானு. 'அவ கேள்வி கேப்பாக்கா, எனக்குப் பதில் சொல்ல முடியாது'ன்னா" என்கிறாள்.

கேள்வி கேட்பேன். ஆமாம், கேட்டிருப்பேன். எத்தனையாவது வாரம், டாக்டர் என்ன சொன்னார், காரணம் சொன்னார்களா, காரணம் தெரியாது என்றால் எப்படித் தெரியாது. அவள் படுத்திருக்க, நான் நின்றுகொண்டு கேட்டிருப்பேன். அதனால்தான் இவளிடம் போனாள், கேட்காதவளிடம். பொறாமை அடங்கியதா என்றால் இல்லை, இன்னும் நன்றாகப் பிடித்து எரிகிறது, இதுவரை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள் என்றாவது சொல்ல முடிந்தது, இப்போது நானே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கதவு திறக்கிறது. அக்கா. முகத்தைப் பார்க்கிறேன், பியூலாவும் பார்க்கிறாள், இரண்டு பேரும் எழுந்துவிட்டோம், யாரிடம் முதலில் சொல்லப்போகிறாள், இந்த நேரத்திலும் அது எனக்கு முக்கியமாக இருக்கிறது, யாரிடம். அவள் எங்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு "வழி விடுங்க, வழி விடுங்க" என்று பாத்ரூமுக்கு ஓடுகிறாள். எதிர் பெஞ்சு மஞ்சள் சேலை களுக்கென்று சிரிக்கிறது. காத்திருக்கிறோம். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது. வெளியே வந்து, கையைத் துப்பட்டாவில் துடைத்து, பாட்டிலை நகர்த்திவிட்டு நடுவில் உட்கார்ந்து, என்னையும் பார்க்காமல் அவளையும் பார்க்காமல் தன் மடியைப் பார்த்து, "துடிக்குது" என்கிறாள். "டக்டக்குன்னு ஓடுது. காது கேக்க வச்சாங்க." பியூலா "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொள்கிறாள். எனக்குள் தாள்கள் தானாகப் புரள்கின்றன, துடிப்பு கேட்டுவிட்டால், பன்னிரண்டு வாரம் தாண்டிவிட்டால், அந்தப் பதினைந்து வெகுவாகக் குறையும். குறையும், இல்லாமல் போகாது. இல்லாமல் போகாது என்பதுதான் நிற்கிறது.

நர்ஸ் தட்டோடு வருகிறாள், பஞ்சு, சின்ன ஊசி, ஸ்பிரிட் வாடை. "டாக்டர் ஃப்ளூ ஊசி எழுதியிருக்காங்க. போட்டுருவமா, இல்ல அடுத்த தடவ வரும்போதா?" அக்காவின் கை சுடிதார்க் கையைப் பிடித்திருக்கிறது, மேலே ஏற்றவும் இல்லை, விடவும் இல்லை. பியூலா கூடையை மடியில் ஏற்றி வைத்துக்கொள்கிறாள். "ஏட்டி, இதுவும் போயிட்டுன்னா என்ன சொல்லுவன்னு நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல" என்கிறாள் அக்கா. பையில் இருக்கிற ஒவ்வொரு தாளும் எனக்கு மனப்பாடம். நர்ஸ் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறாள். அக்கா என்னைப் பார்க்கிறாள், என்னை மட்டும்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்க்கா. அன்னைக்கு ஹாஸ்டல்லருந்து வந்து விரிப்ப நான் அலசுவேன். பியூலாக்காவத் தொட விட மாட்டேன்."